பேரனின் வழக்கு

என் மகனுக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊருக்குத் தெரிவதற்கு வெகுநாள் முன்பே எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாமலா போகும்? காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை. இருவரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்களுடைய மனத்தாங்கல் அவர்களோடு இருக்கட்டும். நான் எழுத நினைப்பது பேரனைப் பற்றி. மருமகள் அவனைக் கூட்டிக்கொண்டு கோவிலூரில் இருக்கும் தன் தாய்வீட்டுக்குப் போனபோது அவனுக்கு ஆறு வயது முடிந்திருந்தது. நாங்கள் இருப்பது தேவகோட்டையில். காரைக்குடி போய்ப் பஸ் மாறினால் கோவிலூர். அவ்வளவு பக்கத்தில் இருந்த பிள்ளையைப் பார்ப்பதற்கு நாங்கள் சிவகங்கை வரை போய் மனுப் போட வேண்டியிருந்தது.

எதையும் எழுதி வைத்துக்கொள்வது எங்கள் நகரத்தார் சமூகத்தின் பழக்கம். கல்யாணத்தில் இசைகுடிமானம் என்ற ஒப்பந்தம் எழுதுவோம். சீர் சாமான்களுக்குப் பட்டியல் இருக்கும். பிரிவு என்று ஆனதும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படித்தார்கள். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், மங்குச் சாமான் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்துச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டார்கள். அடுத்ததாகப் பையன். பேச்சின் தொனிகூட மாறவில்லை. “பையன் நம்ம கோவில் பிள்ளை, நம்ம வம்சம். நம்ம வீட்டுலதானே வளரணும்” என்றார் என் கொழுந்தனார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கும் அதுதான் ஆசை.

பிள்ளை கூட்டிக்கொள்வது எங்களிடம் பரவலான வழக்கம். என் ஐயா, அதாவது அப்பச்சியைப் பெற்றவர், அப்படிப் பிள்ளை கூட்டப்பட்டு வந்தவர்தான். வாரிசு இல்லாத வீட்டுக்கு வாரிசு வேண்டும். பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள், முறை செய்வார்கள், சிறுவன் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு வந்துவிடுவான். அவனைக் கேட்கும் வழக்கம் கிடையாது. தள்ளாத வயதிலும், தன்னைப் பெற்ற வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் ஐயா நடையை மெதுவாக்குவார் என்று என் ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏன் என்று வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

மகன் மதுரையில் வேலை பார்க்கிறான். மதுரையிலேயே மனுப் போடலாம் என்று அவனுடைய நண்பர்கள் சொன்னார்கள். உயர் நீதிமன்றக் கிளையும் அங்கேதானே இருக்கிறது, ஆட்கொணர்வு மனுப் போட்டால் பிள்ளையைப் போலீஸே கொண்டுவந்து நிறுத்தும் என்று இன்னொருவர். காரைக்குடியில் ஒரு பெண் வக்கீல் இருக்கிறார். என்னிடம் வரலாறு படித்தவர். அவரிடம் போனோம். இரண்டுமே ஆகாது என்றார். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த இடத்து நீதிமன்றத்துக்குத்தான் மனு போகவேண்டும் என்கிறது 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம். கோவிலூர் என்றால் சிவகங்கை மாவட்டம். ஆட்கொணர்வு மனு, பிள்ளையைச் சட்டவிரோதமாக யாரேனும் வைத்திருந்தால் கைகொடுக்கும். பெற்ற தாயிடம் இருப்பதைச் சட்டவிரோதம் என்று சொல்லிக்கொண்டு போய் நிற்க முடியாது. தாய் இறந்தபின் குழந்தையைத் தாய்வழி உறவினர் வைத்திருந்த வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் தகப்பனுக்கு அந்த வழியைத் திறந்துவிட்டது. எங்கள் சங்கதி அப்படிப்பட்டது அல்ல.

நான் ஒரு நோட்டு கொண்டுபோயிருந்தேன். மருமகள் எப்போது என்ன சொன்னாள், யார் முன்னால் சொன்னாள் என்று தேதி போட்டு எழுதிய நோட்டு. வக்கீல் இரண்டு பக்கம் புரட்டினார், மூடி என் பக்கம் தள்ளிவைத்தார்.

“டீச்சர், இது விவாகரத்துக் கேஸ்ல வந்தா வரட்டும். பையன் கேஸுக்கு இது வேணாம். அவன் எத்தனை மணிக்கு எந்திரிக்கிறான், யாரு கிளப்பி விடுறா, இரைப்பு வந்தா எந்த டாக்டர், ராத்திரி யார் பக்கத்துல படுத்தாத் தூங்குவான்? இதை எழுதிட்டு வாங்க.”

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். பேரனுக்கு மார்ச்சளி அதிகம்; பனிக்காலத்தில் இன்ஹேலர் இல்லாமல் முடியாது. எந்த அளவு, எத்தனை தடவை? மருமகளுக்குத் தெரியும். வகுப்பு டீச்சரின் பெயர்? மருமகளுக்குத் தெரியும். இருட்டைக் கண்டால் பயப்படுவான், அது எனக்குத் தெரியும். முருங்கைக்கீரை தொடமாட்டான், அதுவும் தெரியும். சைக்கிள் கற்றுக்கொடுத்தது என் மகன். அடிபட்டு வந்தபோது மருந்து போட்டது அவள். பக்கம் நிறைய நிறைய அவள் பெயர்தான் கூடுதலாக வந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகன் மேல் இருந்த பாசம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் அந்தத் தாளைப் படிக்கிற ஒரு நீதிபதி என்ன நினைப்பார் என்பதும் விளங்கிவிட்டது.

மகனுக்குக் கோபம். எங்கேயோ படித்துவிட்டு வந்து, “இந்துப் பிள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பாதான்னு சட்டத்துலயே இருக்கும்மா” என்றான். இருப்பது உண்மைதான். 1956-ஆம் ஆண்டு இந்து மைனர் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு முதலில் தகப்பனையும் அவருக்குப் பின் தாயையும் சொல்கிறது; ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு, பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று முடித்துவிடுகிறது. ஐந்து வயது முடிந்த மறுநாள் பிள்ளை தானாகத் தகப்பன் கைக்கு மாறிவிடுவதில்லை. தகப்பனுக்குப் பின் தாய் என்பதைக்கூட உச்ச நீதிமன்றம் 1999-இல் விரித்துவிட்டது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன். மகன் பேரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது தகப்பன் கையெழுத்து வேண்டும் என்று கேட்டார்கள். அங்கிருந்து கிளம்பியது வழக்கு. தகப்பன் உயிரோடு இருந்தாலும், பிள்ளையின் காரியங்களைக் கவனிக்கும் நிலையில் அவர் இல்லாதபோது தாயே காப்பாளர் என்று தீர்ப்பு வந்தது.

அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன், 1973-இல், சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ரோஸி ஜேக்கப் வழக்கு இருக்கிறது. கணவன் மனைவி பிரிந்து, மூன்று பிள்ளைகளுக்காக நடந்த போராட்டம். பிள்ளைகள் பெற்றோருக்குச் சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்ற கருத்தை அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு அது. இன்றும் நாடு முழுக்க வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். பிள்ளை வளர வளர நிலைமை மாறும், ஆகையால் கஸ்டடி ஆர்டரையும் மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதிலேயே உண்டு. வக்கீல் இதைச் சொன்னபோதுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒரு நாள் தீர்ப்பில் பேரனை வாழ்நாளுக்கும் இழந்துவிடுவோம் என்ற பயத்தில் இருந்தவள் நான்.

வாய்தாக்கள் ஓடின. என் பங்குக்கு நான் பெரிதாக நம்பியிருந்தது எங்கள் வீட்டை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு. மருமகளின் தாய்வீடு இரண்டே அறை. பையன் எங்கே வசதியாக வளர்வான் என்று நீதிபதிக்குத் தெரியாதா என்று நினைத்தேன். பணமும் இடமும் நலனில் ஒரு பகுதிதான். வருமானம் குறைவு என்பதற்காகத் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள், அந்தக் குறையை ஜீவனாம்சத்தால் ஈடுகட்டச் சொல்வார்கள் என்றார் வக்கீல். அப்படித்தான் நடந்தது. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் யார் பார்த்துக்கொள்வது, அம்மாவைப் பெற்ற ஆயாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். எங்கள் வீட்டின் தேக்குத் தூண்களைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

ஒருநாள் பேரனையும் வரச் சொன்னார்கள். 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலேயே அதற்கு இடம் இருக்கிறது: விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் கருத்தில் கொள்ளலாம். எத்தனை வயது என்று சட்டம் வரையறுக்கவில்லை. நீதிபதி பேசிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். நாங்கள் ஒரு பெஞ்சில், அவர்கள் எதிர்ப் பெஞ்சில். நடுவில் அவன். நீதிபதி தன் அறைக்கு அவனை மட்டும் கூப்பிட்டார், வக்கீல்களும் கூடப் போகவில்லை. கதவைச் சாத்தினார்கள். மருமகள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தாள். என்னைப் போலவே அவளும் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்தது. இருவரும் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரிடம் ஒரே நேரத்தில் நேர் எதிரான வரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மா வேண்டுமா அப்பா வேண்டுமா என்று அவனைக் கேட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வெகு காலம் கழித்து அவனே சொன்னான். அப்படிக் கேட்கவே இல்லையாம். காலையில் யார் எழுப்புவது, ஹோம்வொர்க் தப்பாகப் போட்டால் யார் திட்டுவது, பள்ளிக்கூடத்தில் அழுகை வந்தால் யாரை நினைத்துக்கொள்வான், அப்பா வந்தால் என்ன விளையாடுவார் என்று கேட்டாராம். கடைசியாக மிட்டாய் கொடுத்தாராம். “ரெண்டு குடுங்கன்னு கேட்டேன் அப்பத்தா. ஒண்ணு அம்மாவுக்கு, ஒண்ணு அப்பாவுக்கு.” அந்த நீதிபதியை எனக்கு வேறெந்த வகையிலும் தெரியாது. பிள்ளையின் வாயாலேயே ஒரு தகப்பனையோ தாயையோ வேண்டாம் என்று சொல்ல வைக்காமல் விட்டாரே, அதற்காக இன்றைக்கும் அவரை நினைத்துக் கும்பிடுகிறேன்.

இதைக் கேட்ட பிறகுதான் அன்னி பெசண்டின் வழக்கை நான் ஒழுங்காகப் படித்தேன். 1916-இல் ஹோம் ரூல் இயக்கம், 1917-இல் காங்கிரஸ் தலைவர் என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அவருடைய வாழ்க்கையில் இரண்டு கஸ்டடி வழக்குகள் குறுக்கிட்டதைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. பாதிரியாரான கணவரைப் பிரிந்தபோது ஏற்பட்ட ஒப்பந்தப்படி மகன் தகப்பனிடமும் மகள் மேபல் தாயிடமும் இருந்தார்கள். நாத்திகம் பேசுகிறார், குடும்பக் கட்டுப்பாட்டுப் புத்தகம் வெளியிட்டார் என்ற காரணங்களால் 1878-இல் இங்கிலாந்து நீதிமன்றம் மேபலையும் அவரிடமிருந்து எடுத்துத் தகப்பனிடம் கொடுத்துவிட்டது. தாயின் கருத்துகளை விசாரித்தார்கள். மகளின் அன்றாடத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பது பின்னால் போய்விட்டது. வயது வந்ததும் இரண்டு பிள்ளைகளும் தாயைத் தேடி வந்தார்கள்.

அதே பெசண்ட் பிற்காலத்தில் சென்னையில் எதிர்ப்பக்கத்தில் நின்றார். அடையாறில் ஜே. கிருஷ்ணமூர்த்தியையும் தம்பி நித்யானந்தாவையும் 1910-இல் தகப்பன் நாராயணய்யா ஒப்பந்தம் எழுதி அவரிடம் ஒப்படைத்திருந்தார். பிறகு மனம் மாறி, 1912-இல் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 1913-இல் தகப்பன் பக்கம் தீர்ப்பளித்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1914-இல் அதைத் தள்ளிவிட்டது. பையன்கள் அப்போது இங்கிலாந்தில் வாலிப வயதில் இருந்தார்கள். அவர்களுடைய விருப்பம் என்ன என்று இந்த வழக்கில் தெரிந்துகொள்ளவே இல்லை என்பதும் பிரிவி கவுன்சில் கண்ட குறைகளில் ஒன்று. இரவு வெகுநேரம் உட்கார்ந்து இதைப் படித்தபோது என் ஐயாவின் ஞாபகம்தான் வந்தது.

எங்களுக்கு வந்த உத்தரவு இது: பிள்ளை தாயிடம் இருக்கவேண்டும். தகப்பன் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை கூட வைத்துக்கொள்ளலாம். புதன்கிழமை சாயங்காலம் வீடியோ கால். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் சில நாட்கள். பிள்ளையை ஒப்படைப்பதும் திரும்ப அழைத்துக்கொள்வதும் கோவிலூர்க் கொற்றவாளீஸ்வரர் கோவில் வாசலில். வீடியோ காலையும் உத்தரவில் சேர்த்தது எனக்கு வியப்பாக இருந்தது. நேரில் பார்ப்பது மட்டும் போதாது, பேசும் தொடர்பும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் சொல்லியிருக்கிறது. பெற்றோர் இருவரின் அன்பும் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். அது பிள்ளையின் உரிமை என்பதுதான் அதன் சாரம். அப்பத்தாவுக்கு என்று உத்தரவில் ஒரு வரியும் இல்லை. மகனோடு போவேன், அவ்வளவுதான். மருமகள் ஆட்சேபிக்கவில்லை.

கோவிலூரில் வேதாந்த மடம் இருப்பது எல்லோரும் அறிந்தது. முத்துராமலிங்க ஞானதேசிகர் தொடங்கியது. பற்றறுப்பதைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லிவரும் இடம். அந்த மடத்துக்குப் பக்கத்தில், ஒரு சிறு பையனைப் பத்து மணிக்கு வாங்கி ஐந்து மணிக்குக் கொடுக்க நாங்கள் கடிகாரம் பார்த்து நின்றோம். முதல் சில சந்திப்புகளில் பேரன் வந்ததும் பேசமாட்டான். அரைமணி நேரம் ஆகும். ஐந்து மணி நெருங்கினால் மறுபடி வாயை மூடிக்கொள்வான். இங்கே நடந்தது அங்கே தெரியக்கூடாது, அங்கே நடந்தது இங்கே தெரியக்கூடாது என்று அவனாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சனிக்கிழமை கந்தரப்பம் சுட்டு எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனேன். சூடு ஆறாமல் துணி சுற்றியிருந்தேன். மண்டபத்துத் தூணில் சாய்ந்துகொண்டு ஒன்று தின்றான், இன்னொன்று எடுத்தான். பாதியில் நிறுத்திவிட்டு, விரலில் ஒட்டிய எண்ணெயைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: “அப்பத்தா, இதைத் தின்னேன்னு அம்மாட்டச் சொல்லலாமா?”

ஏழு வயதுப் பிள்ளை கந்தரப்பம் தின்றதைச் சொல்ல அனுமதி கேட்கிறது. வக்கீல் சொன்னதும், சட்டத்தில் இருப்பதும், நான் படித்த தீர்ப்புகளும் அந்த ஒரு கேள்வியில் எனக்கு முழுசாக விளங்கின. நாங்கள் இரண்டு வீடும் அவன் முன்னால் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பேசாமல் இருந்ததையே அவன் தடை என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். “தாராளமாச் சொல்லுப்பா. அம்மாவுக்கும் கொண்டு போ” என்று டப்பாவோடு கொடுத்தேன். ஐந்து மணிக்கு மருமகளிடம், “ரெண்டு தின்னிருக்கான். எண்ணெப் பலகாரம், இருமினாச் சுடுதண்ணி குடு” என்றேன். பிரிந்த பிறகு அவளிடம் நான் நேராகப் பேசிய முதல் பேச்சு அது. “சரிங்கத்தை” என்றாள்.

அடுத்த முறை டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு: இன்ஹேலர் மதியம் இரண்டு முறை, ஐஸ் வேண்டாம், கணக்கு நோட்டு பையில் இருக்கிறது. எங்களுக்கு வேண்டியிருந்தது அதுதான். அதற்குப் பிறகு சீட்டு இரு பக்கமும் போய் வந்துகொண்டிருக்கிறது. என்ன சாப்பிட்டான், எவ்வளவு நேரம் தூங்கினான், எங்கே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான் என்று மகனும் எழுதி அனுப்புகிறான்.

நடுவில் ஒரு சோதனை வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அடுத்தடுத்து இரண்டு சனிக்கிழமை அனுப்பவில்லை. மகன் கொதித்துப்போய், இந்த மாதப் பணத்தை நிறுத்திவிடுகிறேன் என்றான். பலரும் செய்வது இதுதான்: பிள்ளையைக் காட்டாவிட்டால் பணம் இல்லை, பணம் தராவிட்டால் பிள்ளை இல்லை. இரண்டையும் நீதிமன்றம் முடிச்சுப் போடுவதில்லை. பராமரிப்புத் தொகை பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் உரியது. பார்க்கவிடவில்லை என்றால் அதற்குத் தனி மனு, தவறிய நாளுக்கு ஈடாக வேறு நாள் கேட்கலாம். அப்படியே கேட்டோம், கிடைத்தது. பணம் ஒரு மாதமும் நிற்கவில்லை. மகன் மனம் வெந்துதான் அனுப்பினான், ஆனால் அனுப்பினான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிரிந்த பெற்றோர் இருவரும் சேர்ந்தே பொறுப்பு வகிக்கச் சட்டத்தில் இடம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2015-இல் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரை செய்தது. நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கவில்லை. ஆகையால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நீதிபதி உட்கார்ந்து நாளையும் மணியையும் பிரித்துக் கொடுக்கிறார்கள். மாதம் இரண்டு சனிக்கிழமை ஒரு தகப்பனுக்குப் போதாது. இதை நான் தாயாகச் சொல்கிறேன். பிள்ளையை நல்லபடியாக வைத்துக்கொள்ளும் தகப்பனுக்கு நேரம் கூடிக்கொண்டே போக வேண்டும், அதற்கு அவன் ஒவ்வொரு தடவையும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலையக்கூடாது.

இப்போது பேரனுக்கு ஒன்பது வயது. காரைக்குடியில் கிரிக்கெட் கோச்சிங்கில் சேரவேண்டும் என்கிறான். வகுப்பு சனிக்கிழமைதான். “இருக்குறதே மாசத்துக்கு ரெண்டு நாளும்மா, அதையும் கிரிக்கெட்டுக்குக் குடுத்துட்டு நான் என்ன பண்றது?” என்று மகன் என்னிடம் கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பையனிடமே பேசு என்றேன். பேசினான். சனிக்கிழமை கோச்சிங்குக்கு அப்பாவே கூட்டிக்கொண்டு போய்விட்டு, ராத்திரி தேவகோட்டையில் தங்கி, ஞாயிறு சாயங்காலம் கோவிலூருக்குத் திரும்பலாமே என்று யோசனை சொன்னது பேரன்தான். மருமகள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். பிறகு, இன்ஹேலரை மறக்காமல் இருந்தால் சரி என்றாள். வக்கீல் கூட்டு மெமோ தயார் செய்திருக்கிறார். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டான். அடுத்த வாய்தாவில் மருமகளும் போட்டதும் தாக்கல் செய்வார்கள்.